நலமுள்ள இளைஞர் விறைப்பு மாத்திரை உட்கொண்டால் என்ன நேரும்?

"எனக்கு வயது 26. சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று எந்தத் தொந்தரவும் இல்லை. காலையில் விழிக்கும்போது விறைப்பு இயல்பாகவே இருக்கிறது. இன்னும் இரண்டு மாதத்தில் திருமணம். முதல் நாள் பதற்றத்துக்கு உதவும் என்று சொல்லி, உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர் நான்கு மாத்திரைகள் உள்ள அட்டை ஒன்றைக் கொடுத்திருக்கிறார். போட்டுக்கொள்ளலாமா? பழக்கமாகிவிடுமா? பிறகு குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா?" என்பது கேள்வி. இதே கேள்வியைச் சொற்கள் மட்டும் மாறி என்னிடம் கேட்கும் இளைஞர்கள் அநேகமாக எல்லோருமே, அறைக்கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறார்கள். அந்தக் கூச்சம்தான் அவர்களை மருத்துவரிடம் அனுப்பாமல் நண்பரிடமும் மருந்துக்கடைக்கும் அனுப்புகிறது என்பதால், ஒன்றையும் மறைக்காமல் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் சுருக்கமான விடை. நீங்கள் சொல்வது போல உடல் நலமாக இருந்தால், இந்த மாத்திரை உங்கள் விறைப்பைக் கூட்டித் தராது. ஒரு மாத்திரையால் உங்கள் உறுப்பு கெட்டுப்போகவும் செய்யாது. விந்தணுவைப் பாதிக்கும் என்பதற்கும் சான்று இல்லை. ஆயினும் போட்டுக்கொள்ள வேண்டாம் என்றே சொல்வேன். அதற்கான காரணங்களில் சில உடலைச் சார்ந்தவை, சில அந்த அட்டைக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பதைச் சார்ந்தவை. எனக்கு மிகவும் கவலை தருவது மூன்றாவது காரணம்: தேவையே இல்லாதவர் இதை எடுக்கும்போது, தன் உடல் தானாக இயங்கும் என்ற நம்பிக்கையை மெல்ல மெல்ல இழக்கத் தொடங்குகிறார்.

மாத்திரை என்ன செய்கிறது என்பது புரிந்தால் மற்றவை எளிதில் விளங்கும். பாலுணர்வு எழும்போது மூளையிலிருந்து வரும் கட்டளை, ஆணுறுப்பின் நரம்பு முனைகளிலும் இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கச் செய்கிறது. இந்த வாயு உடலுக்குள் செய்தி கடத்தும் மூலக்கூறாக வேலை செய்கிறது என்று கண்டறிந்ததற்காகத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. நைட்ரிக் ஆக்சைடு சுரந்ததும் சி.ஜி.எம்.பி. என்ற வேதிப்பொருள் உண்டாகிறது. அது குழாய்களைச் சுற்றியுள்ள மென்தசையைத் தளர்த்துகிறது. பஞ்சு போன்ற திசுவுக்குள் இரத்தம் பாய்ந்து நிரம்ப, விறைப்பு ஏற்படுகிறது. வேலை முடிந்ததும் இந்தச் சி.ஜி.எம்.பி.யைச் சிதைத்து, உறுப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் நொதிக்கு பி.டி.இ.5 என்று பெயர். சில்டெனாஃபில், டடாலாஃபில், வார்டெனாஃபில் ஆகிய எல்லா மாத்திரைகளும் இந்த நொதியைத் தடுப்பவை மட்டுமே.

இதைத் தண்ணீர்த் தொட்டியைக் கொண்டு விளக்குவது எனக்கு வழக்கம். மேலே குழாயைத் திறந்துவிடுவது பாலுணர்வும் அதனால் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடும். கீழே உள்ள வடிகாலைப் பாதி அடைப்பது மாத்திரை. குழாயில் தண்ணீர் குறைவாக வரும் ஒருவருக்கு, அதாவது நீண்ட நாள் சர்க்கரை நோயாளிக்கோ, புகைபிடித்துக் குழாய்கள் சுருங்கியவருக்கோ, வடிகாலை அடைத்தால் தொட்டி நிரம்பும். அவருக்கு இந்த மருந்து பெரும் உதவி. உங்களுக்குத் தொட்டி ஏற்கெனவே விளிம்பு வரை நிரம்புகிறது. அதற்குமேல் வடிகாலை அடைப்பதால் தொட்டியின் கொள்ளளவு கூடிவிடாது. குழாயையே திறக்காதபோது, அதாவது விருப்பமே எழாதபோது, மாத்திரை மட்டும் ஒன்றும் செய்யாது. காமத்தைத் தூண்டும் மருந்து இது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு. ஆசை எழும் இடம் மூளை. மாத்திரை வேலை செய்யும் இடம் இரத்தக் குழாய்.

பதற்றத்துக்கு இது மருந்தாகாது என்பதற்கான காரணமும் இதிலேயே இருக்கிறது. அஞ்சும்போது உடலில் சுரக்கும் நார்அட்ரினலின், எந்த மென்தசை தளர வேண்டுமோ அதே தசையை இறுக்கிப் பிடிக்கிறது. ஆபத்து நேரத்தில் இரத்தத்தைக் கைகால்களுக்கு அனுப்புவதற்காக இயற்கை வைத்திருக்கும் ஏற்பாடு அது. பதற்றம் மிகுந்த ஒருவருக்கு மேலே குழாயே சரியாகத் திறக்காததால், மாத்திரை போட்டும் விறைப்பு வராமல் போவதுண்டு. அப்படி நேர்ந்தவர், "மருந்துக்கே மசியாத பெரிய நோய் எனக்கு இருக்கிறது" என்று முடிவு கட்டிக்கொண்டு, முன்பைவிடப் பத்து மடங்கு அச்சத்துடன் என்னிடம் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

நலமுள்ளவர்களிடம் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். இத்தாலியில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு ஒன்றில், விறைப்பில் எந்தக் குறையும் இல்லாத, 20 முதல் 40 வயதுக்குட்பட்ட 60 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு 25 மி.கி. சில்டெனாஃபிலும், மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள். விறைப்பின் தரத்தில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஒன்றில் மட்டும் மாற்றம் இருந்தது: ஒருமுறை உச்சம் எய்திய பின் மறுபடி விறைப்பு வர ஆகும் இடைவேளை, மருந்து எடுத்தவர்களிடம் குறைந்தது. நண்பர்கள் பெருமையாகப் பேசிக்கொள்ளும் விளைவு அநேகமாக இதுதான். 26 வயதில் அந்த இடைவேளை இயல்பாகவே குறைவு என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். மேலும், போலி மாத்திரை எடுப்பவர்களில் பலர்கூட முன்னேற்றம் தெரிவதாகச் சொல்வது இத்துறை ஆய்வுகள் பலவற்றிலும் காணப்படுவது. ஆகவே "எனக்கு நன்றாக வேலை செய்தது" என்ற நண்பரின் அனுபவம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதைச் செய்தது மருந்தா, மருந்தின் மேல் அவர் வைத்த நம்பிக்கையா என்பதை அவராலேயே பிரித்தறிய முடியாது.

இனி உடலுக்கு என்ன ஆகும் என்பதைப் பார்ப்போம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் சாண்ட்விச் என்ற ஊரில் இருந்த ஃபைசர் ஆய்வகத்தில் சில்டெனாஃபிலை உருவாக்கியவர்கள், நெஞ்சுவலிக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து தேடிக்கொண்டிருந்தவர்கள். சோதனையில் பங்கேற்ற ஆண்களிடம் விறைப்பு ஒரு பக்க விளைவாகத் தென்பட்டதால்தான் ஆய்வின் திசை மாறியது. 1998 மார்ச் 27 அன்று அமெரிக்காவில் வயாகராவாக அனுமதி பெற்றது. இந்த வரலாற்றை நினைவில் வைத்துக்கொண்டால், இது உடல் முழுவதும் இரத்தக் குழாய்களை விரிக்கும் மருந்து என்பது மறக்காது. ஆணுறுப்பை மட்டும் தேடிப்போய் வேலை செய்யும் வழி எந்த மாத்திரைக்கும் தெரியாது. தலையில் குழாய்கள் விரிவதால் தலைவலி, முகத்தில் விரிவதால் சூடும் சிவப்பும், மூக்கில் விரிவதால் மூக்கடைப்பு, இரைப்பையின் மேல்வாய்த் தசை தளர்வதால் நெஞ்செரிச்சல். மருந்து அனுமதி பெறுவதற்கு முன் நடந்த சோதனைகளில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினருக்குத் தலைவலியும், 10 விழுக்காட்டினருக்கு முகச்சிவப்பும் ஏற்பட்டன. விழித்திரையில் உள்ள பி.டி.இ.6 என்ற உறவுக்கார நொதியையும் சில்டெனாஃபில் சற்றே தடுப்பதால், சிலருக்குச் சில மணி நேரம் எல்லாமே நீலம் படிந்தது போலத் தெரியும். டடாலாஃபில் எடுத்தவர்களில் சிலருக்கு அடுத்த நாள் முதுகுவலியும் தொடைவலியும் வரும். இவை எல்லாம் தானாகத் தணிந்துவிடும். ஆனால் சில்டெனாஃபில் ஏறத்தாழ 4 மணி நேரத்தில் பாதியளவு குறையும்போது, டடாலாஃபில் பாதியாகக் குறைய 17.5 மணி நேரம் ஆகிறது; தலைவலி வந்தால் அதுவும் நீண்ட நேரம் உடன் இருக்கக்கூடும்.

நலமுள்ளவர்களுக்கு 100 மி.கி. சில்டெனாஃபில் கொடுத்துப் பார்த்தபோது இரத்த அழுத்தத்தின் மேல் எண் ஏறத்தாழ 8 அலகும், கீழ் எண் 5 அலகும் இறங்கின. இளைஞர் ஒருவரின் உடல் இதைத் தாங்கிக்கொள்ளும். அத்துடன் மது சேரும்போதுதான் நிலைமை மாறுகிறது. மதுவும் குழாய்களை விரிப்பது. திடீரென எழுந்து நிற்கும்போது கண் இருண்டு விழுவது அப்போதுதான் நேர்கிறது. இதில் ஒரு வேதனையான முரணும் இருக்கிறது: மிகுதியான மது விறைப்பைக் கெடுக்கும் பொருள்களில் முதன்மையானது. பதற்றம் தீரக் குடித்துவிட்டு, குடித்ததால் வராத விறைப்புக்கு மாத்திரை போடுகிறவர்கள் குறைவில்லை.

உயிருக்கே ஆபத்தான சேர்க்கை ஒன்று உண்டு. இந்தப் பதிலில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட், நைட்ரோகிளிசரின் போன்ற நைட்ரேட் வகை மருந்துகளும் இந்த மாத்திரையும் ஒன்று சேர்ந்தால், இரத்த அழுத்தம் மீட்க முடியாத அளவுக்குச் சரிந்துவிடக்கூடும். "எனக்கு இருபத்தாறு வயது, நான் ஏன் சார்பிட்ரேட் போடப்போகிறேன்" என்று கேட்கலாம். நம் ஊரில் இது நடக்கக்கூடிய விதத்தைச் சொல்கிறேன். மாத்திரையால் வந்த நெஞ்செரிச்சலையும் படபடப்பையும் நெஞ்சுவலி என்று அஞ்சி நள்ளிரவில் ஓர் இளைஞர் மருத்துவமனைக்குப் போகிறார். அல்லது வீட்டில் தாத்தாவுக்காக வைத்திருக்கும் சார்பிட்ரேட்டை எடுத்து அம்மா பதறிப்போய் அவர் நாக்கின் அடியில் வைக்கிறார். மாத்திரை போட்டதைச் சொல்ல வெட்கப்பட்டு அவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள்ளும், டடாலாஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். நீங்கள் அதை எடுத்திருக்கிறீர்கள் என்பது நீங்கள் சொன்னால்தான் தெரியும். மேலைநாடுகளிலும் பெருநகரக் கேளிக்கை விருந்துகளிலும் மூக்கால் உறிஞ்சும் 'பாப்பர்ஸ்' என்பதும் நைட்ரைட் வகையே. அதே ஆபத்து அதிலும் உண்டு.

இன்னொரு சேர்க்கையைப் பற்றி இளைஞர்களிடம் யாரும் சொல்வதில்லை. படர்தாமரைக்காக மாதக்கணக்கில் இட்ராகொனசோல் எடுக்கும் இளைஞர்கள் இன்று நம் நாட்டில் ஏராளம். சில்டெனாஃபிலை முறித்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை இந்த மருந்து தடுக்கிறது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லிகளும் அவ்வாறே. எரித்ரோமைசின் ஒன்றுடன் சேர்ந்தாலே உடலில் சில்டெனாஃபிலின் அளவு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. அதாவது 50 மி.கி. விழுங்கியவர் தம்மை அறியாமலே 150 மி.கி. விழுங்கியவர் ஆகிறார். தோல் மருந்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

விறைப்பு தணியாமலே நின்றுவிடுவது அரிது, ஆனால் அது அவசர நிலை. 4 மணி நேரத்துக்கு மேல் விறைப்பு நீடித்தால், உறுப்புக்குள் தேங்கிய இரத்தத்தில் ஆக்சிஜன் தீர்ந்து திசு மடியத் தொடங்குகிறது. உரிய நேரத்தில் வந்தால், தேங்கிய இரத்தத்தை ஊசியால் வெளியேற்றி, குழாயைச் சுருக்கும் மருந்தைச் செலுத்திச் சரிசெய்துவிடலாம். வெட்கப்பட்டுக் காலை வரை காத்திருந்தால், திசு தழும்பாகி விறைப்பே நிரந்தரமாகப் போய்விடக்கூடும். மாத்திரையை மட்டும் எடுத்தவர்களுக்கு இது மிகவும் அரிது. இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோய் உள்ளவர்களுக்கு இடர் கூடுதல். நீலகிரிப் பழங்குடியினரிடையே அந்த நோய் இருப்பதால், அங்குள்ள இளைஞர்கள் இதைக் குறிப்பாக அறிந்திருக்க வேண்டும். திடீரென ஒரு கண்ணில் பார்வை மங்குவது, ஒரு காதில் கேட்காமல் போவது ஆகியவையும் மிக அரிதாகப் பதிவாகி, 2005இலும் 2007இலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையில் சேர்த்தது. மாத்திரைதான் காரணம் என்று உறுதியாகவில்லை, ஆயினும் அப்படி ஏதும் நேர்ந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இப்போது என்னை மிகவும் உறுத்தும் பகுதிக்கு வருகிறேன். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹார்ட், மெஸ்டன் ஆகிய உளவியலாளர்கள், மருத்துவர் சொல்லாமலேயே இந்த மாத்திரையை எடுக்கும் கல்லூரி இளைஞர்களை ஆராய்ந்தார்கள். 1,944 பேரிடம் கேட்டதில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினர் ஒருமுறையாவது அப்படி எடுத்திருந்தனர். 2012இல் வெளியான அடுத்த ஆய்வில் 1,207 இளைஞர்களின் பதில்களை ஒப்பிட்டார்கள். அவர்களில் 72 பேர் தாமாகவே எடுப்பவர்கள், 1,111 பேர் எடுக்காதவர்கள். தாமாக எடுத்தவர்களுக்குத் தம் விறைப்பின் மீதிருந்த நம்பிக்கை, எடுக்காதவர்களைவிடக் குறைவாக இருந்தது. பாலுறவில் மனநிறைவும் குறைவாக இருந்தது. எவ்வளவு அடிக்கடி எடுத்தார்களோ அவ்வளவுக்கு நம்பிக்கை குறைந்திருந்தது. நம்பிக்கை குறைந்த அளவுக்கு விறைப்பும் தளர்ந்திருந்தது. இது ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பு என்பதால், மாத்திரையால் நம்பிக்கை குறைந்ததா, நம்பிக்கை குறைந்தவர்கள்தான் மாத்திரையை நாடினார்களா என்று இதை மட்டும் வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பதே என் கருத்து. நான் நேரில் காண்பதும் அதுதான்.

அது எப்படி நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். முதல் முறை மாத்திரை போட்டுக்கொண்டு உறவு நன்றாக அமைகிறது. மாத்திரை இல்லாமலும் நன்றாகவே அமைந்திருக்கும். ஆனால் அதை அறியும் வாய்ப்பை அவர் இழந்துவிட்டார். பாராட்டு முழுவதும் மாத்திரைக்குப் போய்விடுகிறது. அடுத்த முறை மாத்திரை கையில் இல்லை. "இன்று வருமோ வராதோ" என்ற எண்ணம் மட்டும் இருக்கிறது. மனைவியோடு இருக்கும்போதே மனத்தின் ஒரு பாதி விலகி நின்று தன் உறுப்பை வேவு பார்க்கிறது. அந்த வேவு பார்த்தலே நார்அட்ரினலினைச் சுரக்கச் செய்ய, அன்று விறைப்பு தளர்கிறது. "பார்த்தாயா, மாத்திரை இல்லாமல் முடியாது" என்று மனம் தீர்ப்பெழுதிவிடுகிறது. மதுவைப் போலவோ புகையிலையைப் போலவோ உடல் இந்த மாத்திரைக்கு அடிமையாவதில்லை. நிறுத்தினால் கைநடுக்கமோ வியர்வையோ வராது. ஆனால் இப்படி உருவாகும் மனச்சார்பை அகற்ற மாதக்கணக்கில் ஆலோசனை தேவைப்படுகிறது. "பழக்கமாகிவிடுமா" என்ற உங்கள் கேள்விக்கு என் விடை இதுவே.

நம் சமூகத்தில் இந்த அச்சம் முளைப்பதற்கான நிலம் ஏற்கெனவே பண்படுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. இளமையில் செய்த தவறால் நரம்புத் தளர்ச்சி, சுயஇன்பத்தால் ஆண்மைக் குறைவு, சொப்பனத்தில் விந்து போனால் உடலே உருக்குலையும் என்றெல்லாம் பேருந்து நிலையச் சுவரொட்டிகளிலிருந்து தொலைக்காட்சி வரை தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஊர் ஊராக விடுதிகளில் முகாம் போட்டு ஆலோசனை வழங்குவோர் விதைத்த அச்சம் இது. சுயஇன்பம் நரம்பைத் தளர்த்துவதில்லை. விந்து வெளியேறுவதால் உடல் எதையும் இழப்பதில்லை. பாலின்ப ஆற்றலைப் பெருக்குவதாகக் கூறி மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டமே தடை செய்கிறது. தடை இருந்தும் விளம்பரம் ஓயவில்லை என்பது இருபது வயதுப் பையன்கள் சொல்லும் கதைகளைக் கேட்டாலே தெரியும். எந்தக் குறையும் இல்லாத ஒருவரைக் குறையுள்ளவராக நம்பவைத்துப் பணம் பறிப்பதை என்னால் அமைதியாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

அந்த அட்டையில் என்ன இருக்கிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. சட்டப்படி சில்டெனாஃபில் நம் நாட்டில் மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. நடைமுறையில் எப்படிக் கிடைக்கிறது என்பதை உங்கள் நண்பர் அறிவார். சில அட்டைகளில் சில்டெனாஃபிலோடு டாபாக்சிடின் என்ற இன்னொரு மருந்தும் கலந்திருக்கும். அது விந்து முந்துவதற்கான மருந்து, விறைப்புக்கு அல்ல. அது மயக்கத்தை வரவழைக்கக்கூடியது, மதுவோடு சேர்ந்தால் மேலும். மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. விறைப்பு வராததும், விந்து விரைவில் வெளியாவதும் வெவ்வேறு. புதிதாக மணமானவர்களிடம் இரண்டாவதுதான் அதிகம்; அதுவும் பழகப் பழகப் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். வித்தியாசம் தெரியாமல் ஒன்றுக்கு உரிய மருந்தை மற்றொன்றுக்குப் போடுகிறவர்களே மிகுதி.

"மூலிகை" என்று எழுதியிருப்பதால் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். 2008 சனவரி முதல் மே வரை சிங்கப்பூரின் அரசு மருத்துவமனைகளில், சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குச் சரிந்த நிலையில் சேர்க்கப்பட்டார்கள். 7 பேருக்கு நினைவு திரும்பவில்லை. பின்னர் 4 பேர் இறந்தனர். காரணத்தைத் தேடியபோது, பாலின்ப மேம்பாட்டுக்கென விற்கப்பட்ட மூலிகைத் தயாரிப்புகளிலும் ஒரு கள்ள மாத்திரையிலும் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது தெரியவந்தது. சர்க்கரை நோய்க்காக நம் வீடுகளில் பெரியவர்கள் எடுக்கும் அதே மருந்து. இது ஒரு விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட முடியாது: 2007 முதல் 2016 வரை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கண்டறிந்த கலப்பட ஊட்டப்பொருள்கள் 776இல், 353 பாலின்பத்துக்கென விற்கப்பட்டவை, அவற்றில் மிகுதியாகக் கலந்திருந்தது சில்டெனாஃபிலேதான். லேகியம் நன்றாக வேலை செய்கிறது என்று ஒருவர் சொன்னால், அதில் எவ்வளவு சில்டெனாஃபில் கலந்திருக்கிறது என்பதே எனக்கு எழும் முதல் ஐயம்.

உடற்பயிற்சிக் கூடங்களில் தசை புடைத்துத் தெரிவதற்காக டடாலாஃபில் எடுக்கும் வழக்கமும் இப்போது கேள்விப்படுகிறேன். குழாய்கள் விரிவதால் அன்றைக்குத் தசை சற்றுப் பருத்தது போலத் தோன்றலாம். தசை வளரும் என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை. பளு தூக்கி நிமிரும் கணத்தில் தலைசுற்றி விழுவதற்கான வாய்ப்பு மட்டும் உறுதியாக இருக்கிறது. அங்கே ஊசியாகப் போடப்படும் ஸ்டீராய்டுகள் இதைவிடப் பன்மடங்கு கேடு; அவை டெஸ்டோஸ்டீரான் என்ற ஆண் ஹார்மோனை உடல் தானாகச் சுரப்பதையும் விந்தணு உற்பத்தியையும் நிறுத்திவிடுகின்றன. பிறகு வரும் விறைப்புக் குறைவுக்குச் சில்டெனாஃபில் தேடிவரும் இளைஞர்களிடம் நான் முதலில் கேட்பது அந்த ஊசியைப் பற்றித்தான்.

இதுவரை சொன்னது நலமுள்ளவர்களுக்கு. படிப்பவர்களில் உண்மையாகவே தொந்தரவு உள்ளவர்கள் இருந்தால், அவர்களை நான் விரட்டுவதாக எண்ணிவிடக் கூடாது. இத்தாலியின் மிலான் நகரில், விறைப்புக் குறைவுக்காக முதன்முறையாக மருத்துவரை நாடிய 439 ஆண்களில் 114 பேர், அதாவது நான்கில் ஒருவர், 40 வயதோ அதற்குக் குறைவோ ஆனவர்கள் என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. இளைஞர்களுக்கும் இது வரும். தூக்கத்தில் இரவு மூன்று நான்கு முறை விறைப்பு ஏற்படுவது இயல்பு. காலை விறைப்பு அதன் கடைசிப் பகுதி. அது இயல்பாக இருந்து உறவின்போது மட்டும் தளர்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் மனத்தில் இருக்கிறது. காலை விறைப்பும் சில மாதங்களாகக் குறைந்து வருகிறது என்றால் உடலைப் பரிசோதிக்க வேண்டும்: இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, காலை நேரத்து டெஸ்டோஸ்டீரான். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் மதிப்பிட்டிருக்கிறார்கள். முப்பது வயதில் அது தொடங்குவது நமக்குப் புதிதல்ல. ஆணுறுப்பின் இரத்தக் குழாய் இதயத்தின் குழாயைவிட மெல்லியது என்பதால், அடைப்பு தொடங்கினால் அதன் அறிகுறி முதலில் இங்கே தெரிந்து, சில ஆண்டுகள் கழித்தே நெஞ்சில் தெரியலாம். கடையில் மாத்திரை வாங்கி அந்த அறிகுறியை மறைத்துக்கொள்கிறவர், தமக்குக் கிடைத்த முன்னெச்சரிக்கையைத் தாமே அழித்துவிடுகிறார். புகை, கஞ்சா, தூக்கமின்மை, சில மனநல மருந்துகள், முடி உதிர்வதற்காக எடுக்கும் ஃபினாஸ்டெரைடு ஆகியவற்றையும் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

மனத்தில் காரணம் இருக்கும்போதும், மணமாகிப் பல மாதங்கள் ஆகியும் உறவு கைகூடாத தம்பதியருக்கு, ஆலோசனையோடு சேர்த்துச் சில வாரங்களுக்கு மட்டும் இந்த மாத்திரையை நானே எழுதித் தருவதுண்டு. எப்போது தொடங்கி எப்போது நிறுத்துவது என்பது முன்னதாகவே இருவருக்கும் சொல்லப்பட்டிருக்கும். கணவன் மறைவாக விழுங்குவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. மறைக்க ஒன்றும் இல்லாதபோது வேவு பார்க்கவும் ஒன்றும் இல்லாமல் போகிறது.

குழந்தைப்பேறு பற்றிக் கேட்டீர்கள். நலமுள்ள ஆண்களுக்கு 100 மி.கி. சில்டெனாஃபில் ஒருமுறை கொடுத்துப் பார்த்ததில் விந்தணுவின் அசைவிலோ வடிவத்திலோ மாற்றம் இல்லை. அந்த அச்சம் வேண்டாம். அதே சமயம், குழந்தைப்பேற்றுக்கு இது உதவும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம்.

திருமணத்தன்று என்ன செய்வது என்பதுதான் எஞ்சியிருக்கிறது. முகூர்த்தத்துக்காக விடியும் முன்பே எழுந்து, நாள் முழுவதும் நின்று, நூற்றுக்கணக்கானோரைப் பார்த்துச் சிரித்து, சரியாகச் சாப்பிடாமல், பெரும்பாலும் நன்கு அறிமுகமாகாத ஒருவரோடு ஒரே அறையில் விடப்படும் இரவு அது. அன்று எதுவும் நடக்காமல் போவது மிக இயல்பானது. மணப்பெண்ணுக்கும் அதே களைப்பு, அதே அச்சம், பல வேளைகளில் உங்களைவிடக் கூடுதலான அச்சம். இரண்டு மாதங்கள் இருக்கின்றன. அவரோடு தொலைபேசியில் பேசுகிறீர்கள் என்றால், "முதல் நாளே அவசரம் வேண்டாம், முதலில் பழகிக்கொள்வோம்" என்று நீங்களே முன்வந்து சொல்லிப் பாருங்கள். அதைக் கேட்ட பின் அவர் குரலில் தெரியும் ஆறுதல் உங்கள் பதற்றத்தையும் பாதியாகக் குறைக்கும். வீட்டில் யாராவது மறுமாதமே "விசேஷம் உண்டா" என்று கேட்கத் தொடங்குவார்கள். அவர்களுக்குச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். நண்பர் தந்த அட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது, வேறு ஏதேனும் மருந்தும் சேர்த்து எடுக்கிறாரா என்றும், படர்தாமரைக்கு மாத்திரை போடுகிறாரா என்றும், கடைசியாக எப்போது சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்தார் என்றும் அவரிடம் கேளுங்கள்.